ரை வரிசையில் பூஜ்யம்

கெட்டிக்காரன் புளுகு எட்டு நாள் என்பார்கள். சபரியின் புளுகு இரண்டு வருஷமாக ஓடிக்கொண்டிருந்தது. அதற்குக் காரணம் அவனுடைய கெட்டிக்காரத்தனம் இல்லை. யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

அப்படியொன்றும் உலகத்தில் இல்லாத புளுகும் இல்லை அது. அந்தக் காலத்தில் கம்ப்யூட்டர் வேலைக்குக் கிளம்பியவர்களில் பலபேர் சொன்னதுதான். சபரி கோபிச்செட்டிபாளையத்துப் பஸ் கண்டக்டர் ஒருவரின் மகன். கோயம்புத்தூரில் விவசாயம் படித்துவிட்டு ஈரோடு பக்கம் ஓர் ஆராய்ச்சிப் பண்ணையில் மூன்று வருஷம் தற்காலிக வேலை பார்த்தான். தற்காலிகம் என்பது கடைசிவரை தற்காலிகம்தான் என்று புரிந்ததும் ஆறு மாதம் கம்ப்யூட்டர் படித்தான். ஆறு மாதப் படிப்பை நம்பி யார் வேலை தருவார்கள்? சென்னையில் ஜெபமணி என்று ஒருவர், ஒரு மாடி அறையில் கம்பெனி போர்டு மாட்டி உட்கார்ந்துகொண்டு, கேட்டவர்களுக்கெல்லாம் அனுபவச் சான்றிதழ் கொடுத்துவந்தார். அவர் கம்பெனியில் 1998 ஜூன் முதல் 2001 மே வரை சபரி புரோகிராம் எழுதியதாக ஒரு காகிதம் பிறந்தது. அந்த மாடிப்படியை அவன் ஏறியதே மொத்தம் இரண்டு தடவை.

ஆக, அந்த மூன்று வருஷத்தில் இரண்டு சபரிகள் இருந்தார்கள். ஒருவன் சென்னையில் புரோகிராம் எழுதினான். இன்னொருவன் ஈரோடு பக்கம் வெயிலில் நின்று சணப்பை என்ற பசுந்தாள் உரச்செடியை மடக்கி உழுது, அதற்குப்பின் போட்ட மக்காச்சோளத்துக்கு எவ்வளவு யூரியா குறைக்கலாம் என்று அளந்துகொண்டிருந்தான். முதலாமவனுக்குப் புனேயில், ஹடப்சரில் ஒரு கண்ணாடிக் கட்டடத்தின் நாலாவது மாடியில் வேலை கிடைத்தது. இரண்டாமவன் ஒரே ஒரு இடத்தில் மிச்சமிருந்தான். பண்ணை ஆங்கிலத்தில் அச்சடித்த முப்பத்திரண்டு பக்க ஆய்வறிக்கை அது. அதன் பின்னட்டையின் உள்பக்கத்தில், களப்பணி: எஸ். சபரிநாதன், 1998–2001 என்று இருந்தது.

அவன் மனைவி மீனு கல்யாணத்துக்கு முன் கணக்கு டீச்சராக இருந்தவள். கணக்கில் இடிக்கிற எதையும் வீட்டில் வைத்திருக்க அவளுக்குப் பிடிக்காது. "ஏனுங்க, அதைக் கிழிச்சுத்தான் போடுங்களேன். யார் கையிலயாச்சும் சிக்குனா என்னாகறது?" என்று பல தடவை சொல்லிவிட்டாள். சபரி சரி சரி என்பான், கிழிக்க மாட்டான். அது டிரங்குப் பெட்டியின் அடியில் கல்யாண வேட்டிக்குள் கிடந்தது.

மீனு பயந்ததில் நியாயம் இருந்தது. 2003 மே மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, பக்கத்துப் பிரிவில் இரண்டு பேருடைய சான்றிதழ் போலி என்று தெரிந்துவிட்டது. காலையில் அவர்கள் வந்து கார்டைக் காட்டியபோது கதவில் பச்சைக்குப் பதில் சிவப்பு விளக்கு எரிந்தது. மேஜை மேல் இருந்த சாமான்களைக் காவலாளி ஓர் அட்டைப்பெட்டியில் போட்டு வாசலிலேயே கொடுத்துவிட்டார். அன்றிலிருந்து சபரிக்குத் தினமும் காலையில் அந்தக் கதவு ஒரு கண்டம். பச்சை எரிகிறவரை மூச்சு விடமாட்டான். வீட்டில் ஏழு மாதக் கைக்குழந்தை வேறு. இந்த வேலை போனால் அடுத்த வேலைக்குக் காட்ட அவனிடம் உண்மையான காகிதம் ஒன்றுகூட இல்லை.

ஜூன் மாதம் புதுவேலை வந்தது. குழுத்தலைவர் மகாதேவன் எல்லாரையும் கூட்டி வைத்து விளக்கினார். அவர் ராஸ்தா பேட்டில் பிறந்து வளர்ந்த புனேத் தமிழர். பாதி வாக்கியத்தைத் தமிழில் தொடங்கி மீதியை இந்தியில் முடிப்பவர். அமெரிக்காவில் அயோவா மாநிலத்து விவசாயிகள் கூட்டுறவுச் சங்கம் ஒன்றுக்காக ஓர் உரக் கணக்கு புரோகிராம் எழுத வேண்டுமாம். இந்த வயலில் போன வருஷம் என்ன பயிர், குளிர்காலத்தில் மண்ணை மூடி ஏதாவது பயிர் வளர்த்தாரா, இப்போது எவ்வளவு மக்காச்சோளம் எதிர்பார்க்கிறார் என்றெல்லாம் விவசாயி பதில் சொன்னால், ஏக்கருக்கு எத்தனை பவுண்டு தழைச்சத்து போட வேண்டும் என்று அது சொல்ல வேண்டும்.

 எதைச் சபரி பெட்டியின் அடியில் ஒளித்து வைத்தானோ, அதுவே அமெரிக்காவைச் சுற்றிக்கொண்டு வந்து அவன் மேஜையில் உட்கார்ந்துவிட்டது.

வாடிக்கையாளர் கையெழுத்திட்டு அனுப்பிய குறிப்பை முன்பின் தெரியாத மொழியைப் படிப்பதுபோல முகத்தை வைத்துக்கொண்டு படித்தான். முன்பயிர் சோயா என்றால் நாற்பது பவுண்டு கழி. சரி. குதிரைமசால் என்ற தீவனப்பயிர் என்றால் நூறு கழி. அதுவும் சரி. அடுத்த வரியில் கண் நின்றுவிட்டது. மூடுபயிர் உண்டா, ஆம் அல்லது இல்லை. ஆம் என்றால் அறுபது கழி. என்ன மூடுபயிர் என்ற கேள்வியே இல்லை.

சணப்பை, தட்டைப்பயறு, க்ளோவர் மாதிரி பயறுக் குடும்பத்துச் செடிகளுக்கு வேரில் முடிச்சு இருக்கும். காற்றிலிருந்து தழைச்சத்தைப் பிடித்து மண்ணில் சேர்க்கும். அவற்றை மடக்கி உழுதால் அறுபது கழிப்பது நியாயம். ஆனால் அயோவாக்காரர்கள் பெரும்பாலும் விதைப்பது ரை. அது கோதுமைக்கு ஒன்றுவிட்ட தம்பி, வெறும் புல். மண்ணிலிருந்து எடுத்துக்கொள்ளுமே தவிரப் புதிதாக ஒன்றும் கொண்டுவராது. முற்றிய பிறகு உழுதால், அது மக்குவதற்கே மண்ணிலிருக்கும் சத்தைக் கொஞ்ச காலம் இழுத்து வைத்துக்கொள்ளும். மொய் வைத்தவனையும் பந்தியில் சாப்பிட்டு மட்டும் போனவனையும் ஒரே பட்டியலில் எழுதினால் எப்படி? ஈரோடு பண்ணையில், ரையைப் போலவே புல்லினமான தீவனச் சோளத்தை மடக்கி உழுத பாத்தியில் யூரியாவைக் குறைத்தபோது, மக்காச்சோளம் காமாலை கண்டதுபோல வெளுத்துப் போனதை அவன் மூன்று பருவமும் பார்த்திருக்கிறான். அந்த மஞ்சள் இன்னும் கண்ணிலேயே இருந்தது.

வாயைத் திறந்தால், உனக்கெப்படித் தெரியும் என்று கேட்பார்கள். படித்தேன் என்றால், விவசாயம் படித்தவன் அப்புறம் என்ன செய்தாய் என்பார்கள். அந்த மூன்று வருஷத்தின் மேல்தான் ஜெபமணியின் காகிதம் உட்கார்ந்திருந்தது.

முதலில் வைஷாலியைப் பிடித்தான். புரோகிராமைச் சோதிக்கும் வேலை அவளுடையது. புனேயிலேயே வளர்ந்த தமிழ்ப் பெண். தமிழை ஒவ்வொரு வார்த்தையாகத் தேடி எடுத்துப் பேசுவாள். ரைக்கும் க்ளோவருக்கும் ஒரே விடை வருகிறதே, அதைப் பிழை என்று பதிவு செய்யேன் என்று போகிறபோக்கில் சொன்னான். அவளும் செய்தாள். மறுநாளே அது, குறிப்பில் உள்ளபடிதான் இருக்கிறது என்ற பதிலோடு மூடப்பட்டது. மகாதேவனுக்கு வேதம் குறிப்புதான்.

பிறகு ஒரு சனிக்கிழமை ஷேர் ஆட்டோவும் பஸ்ஸும் மாறி சிவாஜிநகர் விவசாயக் கல்லூரி நூலகத்துக்குப் போனான். புத்தகங்களில் மூன்று பக்கம் நகல் எடுத்துக்கொண்டு, ஆர்வத்தில் படித்தேன் என்று மகாதேவனிடம் நீட்டினான். மகாதேவன் படித்துப் பார்த்து, கிளையன்ட்டிடம் கேட்டுவிடலாம் என்றார். சங்கத்தின் சார்பில் பேசுகிறவர் டேல். அறுபது வயசு, தானும் விவசாயி. ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் மாலை ஆறரைக்கு, அவருக்குக் காலை வேளையில், ஸ்பீக்கர் போனில் வருவார்.

அந்தச் செவ்வாய் டேல் பொறுமையாகக் கேட்டார். பிறகு, அந்தக் குறிப்பை எழுதியவர் தங்கள் உர ஆலோசகர் என்றும், அவரிடமும் புத்தகங்கள் இருக்கின்றன என்றும், புத்தகத்துக்கும் புத்தகத்துக்கும் சண்டை மூட்டித் தனக்கு எதுவும் தெரியப்போவதில்லை என்றும் சொன்னார். அங்கே யாராவது இதை வயலில், தன் கண்ணால் பார்த்திருக்கிறீர்களா என்று கேட்டார்.

அறையில் ஐந்து பேர். யாருக்கும் அது தங்களைக் கேட்ட கேள்வியாகப் படவில்லை. மகாதேவன், இல்லை, நாங்கள் மென்பொருள் ஆட்கள் என்று சிரித்து முடிக்கப்போனார். அதற்குள் சபரி பேசிவிட்டான். தான் பார்த்திருப்பதாகவும், மூன்று பருவம் பார்த்ததாகவும், தொண்ணூற்றெட்டு, தொண்ணூற்றொன்பது, இரண்டாயிரம் என்று வருஷத்தோடும் சொன்னான். பயிர் எத்தனையாவது நாள் வெளுக்கத் தொடங்கியது, எந்த இலை முதலில் வெளுத்தது என்பதுவரை வாய் தானாகச் சொல்லிக்கொண்டே போனது. சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்பதே அவனுக்கு உறைத்தது.

மகாதேவன், டேலுக்குக் கேட்காதபடி, போனில் மியூட் பொத்தானை அழுத்தினார்.

"ஏண்டா, நைன்ட்டி எய்ட்ல நீ சென்னையில கோடிங் பண்ணிண்டிருந்தே. ஒன் ரெஸ்யூம் பாத்து இன்டர்வ்யூ எடுத்தவனே நான்தான்."

சபரி போனையே பார்த்துக்கொண்டிருந்தான். மகாதேவன் அவன் முகத்தையே பார்த்தார். அதிகம் பார்க்க வேண்டியிருக்கவில்லை. அவர் விரல் மறுபடி பொத்தானை அழுத்தியது. குரலில் தேன் ஒழுக, சபரியின் குடும்பத்துக்குச் சொந்த நிலம் உண்டு என்றும், வேலைக்கு நடுவே விடுமுறை நாட்களில் அவன்தான் அதைப் பார்த்துக்கொண்டான் என்றும் டேலிடம் சொன்னார். டேலுக்கு ஒரே சந்தோஷம். உங்களிடம் ஒரு விவசாயி இருக்கிறார் என்று முன்பே சொல்லக்கூடாதா என்றார். ஆலோசகரோடு தான் பேசிக்கொள்வதாகவும், ரைக்குத் தனி வரிசை போட்டு அதில் பூஜ்யம் எழுதுமாறும் சொன்னார்.

வெளியே வந்ததும் மகாதேவன் சபரியைத் தண்ணீர் குடிக்கும் இடத்தில் நிறுத்தினார். "நான் எதுவும் கேக்கலை. நீயும் எதுவும் சொல்லலை. பஸ், அவ்வளவுதான்." அவர் காப்பாற்றியது சபரியை இல்லை. போலிச் சான்றிதழை நம்பி ஆளைத் தேர்ந்தெடுத்தவர் யார் என்ற கேள்வியிலிருந்து தன்னைக் காப்பாற்றிக்கொண்டார். அது சபரிக்கும் புரிந்தது. உயிரோடு தப்பித்த நிம்மதியும், இனி இவர் கையில்தான் தன் குடுமி என்ற நடுக்கமும் சேர்ந்தே வந்தன.

அடுத்த செவ்வாய்க்கிழமை, வேலை பேசுவதற்கு முன் டேல் முதலில் கேட்டது, உன் நிலம் எப்படி இருக்கிறது என்பது.

இல்லாத நிலம் நன்றாகத்தான் இருந்தது. நீ புனேயில் இருக்கிறாயே, யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்று டேல் கேட்டார். சபரி அகப்பட்டுக்கொண்டான். ஊர் நிலத்தை விட்டுவிட்டு இப்போது புனேயை அடுத்த சாஸ்வட் பக்கம் ஐந்து ஏக்கர் குத்தகைக்கு எடுத்திருப்பதாகவும் ஞாயிற்றுக்கிழமைதோறும் போவதாகவும் சொன்னான். ஒரு பொய்யை மறைக்க ஒன்பது பொய் என்பது கணக்குக்குக் கொஞ்சம் குறைவுதான். ஐந்து ஏக்கருக்கு எத்தனை வயல், ஒவ்வொன்றிலும் என்ன பயிர், மழை பெய்ததா, கிணறு உண்டா என்று வாரம் ஒரு கேள்வி வந்தது. சக விவசாயியோடு பேசும் ஆசை டேலுக்கு. அவர் தன் வயலைப் பற்றிச் சொல்வார், பிறகு இவன் சொல்ல வேண்டும்.

மூன்றாவது வாரம் மீனு ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி வந்து கட்டம் போட்டாள். ஒன்றாம் வயல், இரண்டாம் வயல் என்று ஐந்து வயல். "போன வாரம் ரெண்டாம் வயல்ல சோயான்னீங்க. இந்த வாரம் அங்கயே சணப்பைங்கறீங்க. அந்தாளு குறிச்சு வச்சிருந்தா?" என்று பிடித்துக்கொண்டாள். அன்றிலிருந்து திங்கட்கிழமைதோறும் சாப்பாடான பிறகு, குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு இரண்டு பேரும் விவசாயம் பார்த்தார்கள். சோயா எடுத்த வயலில் கோதுமை. கோதுமைக்கு யூரியா எவ்வளவு? முன்பயிர் சோயா, ஆகவே இவ்வளவு குறை. சணப்பை பூக்கத் தொடங்கிவிட்டது, இந்த வாரமே மடக்கிவிட வேண்டும், விட்டால் தண்டு முற்றிவிடும். சபரி ஒவ்வொரு கட்டத்துக்கும் மெனக்கெட்டுக் கணக்குப் போட்டான். ஒரு கிலோகூடக் குத்துமதிப்பாக எழுதவில்லை. வாரத்தில் அவன் சந்தோஷமாக இருந்தது அந்த அரைமணி நேரம்தான் என்று சொல்வதற்கு வெட்கமாக இருக்கிறது, ஆனால் அதுதான் உண்மை.

மீதி நேரமெல்லாம் மூச்சு முட்டியது. வேறு பிரிவுக்கு மாற்றிவிடும்படி மகாதேவனிடம் கேட்டுப் பார்த்தான். டேலுக்கு உன்னைத்தான் பிடித்திருக்கிறது, நீ எங்கே போகிறாய் என்று அவர் சிரித்தார். கூட வேலை பார்த்தவர்கள் அமெரிக்கா போனார்கள். விசாவுக்குப் பழைய கம்பெனியை விசாரிப்பார்கள் என்பதால் சபரி பட்டியலிலிருந்து தன் பெயரைத் தானே எடுத்துவிடச் சொன்னான். வேறு கம்பெனிக்கு மனுப்போட்டால் மறுபடி ஜெபமணியின் காகிதத்தை நீட்ட வேண்டும். எந்தப் பக்கம் திரும்பினாலும் அந்த மூன்று வருஷம் குறுக்கே நின்றது. வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை உண்மை பேசினோம், அதற்கும் சேர்த்து இப்படிப் பூட்டிவிட்டார்களே என்று சபரிக்கு யார்மேல் என்று தெரியாமல் ஆத்திரம் வந்தது.

நவம்பர் கடைசிச் செவ்வாயன்று டேல் ஒரு நல்ல செய்தி சொன்னார். டிசம்பரில் புனே வருகிறார். ஆபீசைப் பார்க்க ஒரு நாள், சபரியின் நிலத்தைப் பார்க்க ஒரு நாள்.

மகாதேவன் அசரவில்லை. ஆபீஸ் வேன் டிரைவருக்குத் தெரிந்த ஒருவர் மூலம் சாஸ்வட்டில் ஜக்தாப் என்ற விவசாயியிடம் பேசினார். ஒரு நாள் பொழுதுக்கு அவருடைய நிலம் சபரியின் நிலமாக இருக்கும். ஜக்தாப் வேலைக்காரராக நிற்க வேண்டும். ஜக்தாப்புக்கு விஷயம் சரியாகப் புரியவில்லை, ஆனால் வெள்ளைக்காரர் வருகிறார் என்றதும் வீட்டில் சமைக்கச் சொல்லிவிட்டார். சபரி இரண்டு ஞாயிறு போய் வயலைச் சுற்றி வந்து, நோட்டில் இருந்த பயிர்களுக்கும் அங்கே நின்ற வெங்காயத்துக்கும் சோளத்துக்கும் கொண்டைக்கடலைக்கும் எப்படியோ முடிச்சுப் போட்டான்.

டேல் நெட்டையான மனிதர். வேனிலிருந்து இறங்கியதும் யாரோடும் கைகுலுக்காமல் முதலில் வயலுக்குள் இறங்கினார். குந்தி உட்கார்ந்து ஒரு கொண்டைக்கடலைச் செடியைப் பிடுங்கி, வேர் முடிச்சு ஒன்றை நகத்தால் கீறி, உள்ளே சிவப்பாக இருப்பதை, தழைச்சத்து பிடிக்கிற அடையாளத்தைக் காட்டிச் சிரித்தார். சபரியும் சிரித்தான். அந்த ஒரு நிமிஷம் எல்லாம் உண்மை மாதிரியே இருந்தது. இதற்கு முன் இங்கே என்ன, அதற்கு முன் என்ன என்று டேல் கேட்டதற்கெல்லாம் பதில் இருந்தது. பிறகு அவர் எழுந்து, நெற்றிக்கு மேல் கையை வைத்துச் சுற்றும் பார்த்து, இந்த வயலுக்குத் தண்ணீர் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று சாதாரணமாகக் கேட்டார்.

அது நோட்டில் இல்லை.

நிலம் வைத்திருப்பவன் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் கை நீட்டிக் காட்டுகிற விஷயம் அது. சபரியின் கை எழவில்லை. தன்னை அறியாமல் திரும்பி ஜக்தாப்பைப் பார்த்தான். ஜக்தாப், வாட்டர் என்ற ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு, யோசிக்காமல், தன் நிலத்தில் நிற்கிற மனிதனுக்குரிய அலட்சியத்தோடு வடக்குப் பக்க வேப்பமரத்தடியைக் காட்டினார். டேல் வேப்பமரத்தைப் பார்த்தார், ஜக்தாப்பைப் பார்த்தார். சபரியைப் பார்க்கவில்லை. அதற்கப்புறம் அவர் நிலத்தைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. ஜக்தாப் வீட்டில் பாக்ரி ரொட்டியும் கடலைமாவுப் பிட்லாவும் சாப்பிட்டார். கிளம்பும்போது ஜக்தாப்பின் கையை இரண்டு கையாலும் பிடித்து, நல்ல நிலம், நன்றாக வைத்திருக்கிறீர்கள் என்றார். திரும்பி வரும் வழியெல்லாம் கண்ணை மூடிக்கொண்டிருந்தார்.

பத்து நாள் கழித்து டேலிடமிருந்து மகாதேவனுக்குக் கடிதம் வந்தது. அதில் கோபமே இல்லை, அதுதான் பயங்கரம். ரைக்குப் பூஜ்யம் என்பதைத் தன் ஆலோசகர் சொல்லையும் மீறித் தான் ஏற்றது, கண்ணால் பார்த்ததாகச் சொன்ன ஒருவரின் வார்த்தையை நம்பி. அந்த வார்த்தையை இனி நம்ப முடியவில்லை. ஆகவே அந்த வரிசையை எடுத்துவிட்டுப் பழையபடி அறுபது கழிக்கும்படி எழுதுங்கள். பிப்ரவரியில் புரோகிராம் வெளியாகிறது. அதற்குள் வேறு யாராவது சரிபார்த்தால் பிறகு பார்க்கலாம்.

மகாதேவன் கடிதத்தைச் சபரியிடம் காட்டினார். தப்பித்தோம், சான்றிதழ் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது, நிலம்தான் பொய் என்று நினைக்கிறார் என்றார். "ஒரே லைன்தானே. நாளைக்கு மத்தியானத்துக்குள்ள சேஞ்ச் பண்ணிடு. டீக் ஹை?"

அவன்தான் மாற்ற வேண்டும். அந்தப் பகுதி அவனுடையது. பூஜ்யத்தை அழித்து அறுபது என்று அடிக்க அரை நிமிஷம்கூட ஆகாது. சங்கத்தில் ரை விதைத்திருப்பதாகப் பதிவாகியிருந்த வயல்கள் இருநூற்றுப் பதினான்கு. செப்டம்பரிலேயே விதைத்தாகிவிட்டது, இப்போது பனிக்கு அடியில் முளைத்து நின்றது. வசந்தத்தில் அதை உழுது மக்காச்சோளம் போடுவார்கள், புரோகிராமைக் கேட்பார்கள், அது ஏக்கருக்கு அறுபது பவுண்டு குறைத்துச் சொல்லும், நம்புவார்கள். ரைக்குப் பூஜ்யம் என்பது சரியான விஷயம்தான். தன் பொய்யைத் தொட்டதால் அது தீட்டாகிவிட்டது. 

வீட்டில் மீனுவிடம் சொன்னான். போகட்டும், அவர்களே கேட்கிறார்கள், நாம் எழுதிக் கொடுத்துவிட்டுப் பேசாமல் இருந்தால் வேலை மிஞ்சும் என்று அவளாவது சொல்வாள் என்று எதிர்பார்த்தான். அவள் குழந்தைக்குப் பருப்புச் சோறு பிசைந்துகொண்டிருந்தாள். எத்தனை வயல் என்று மட்டும் கேட்டாள். சொன்னான். அவள் ஊட்டி முடித்து, கையைக் கழுவிவிட்டு, அலமாரியிலிருந்து அந்த நாற்பது பக்க நோட்டை எடுத்து அவன் முன்னால் வைத்தாள்.

"நம்ம இல்லாத வயலுக்குக்கூட நீங்க ஒருநாளும் தப்பாப் போடலைங்களே."

பிறகு உள்ளே போனாள். டிரங்குப் பெட்டி திறக்கிற சத்தம் கேட்டது. கிழித்துப் போடு, கிழித்துப் போடு என்று இரண்டு வருஷம் சொன்னவள், கல்யாண வேட்டியைப் பிரித்து ஆய்வறிக்கையை எடுத்து வந்து, நோட்டின்மேல் வைத்துவிட்டுப் படுக்கை விரிக்கப் போய்விட்டாள். 

மறுநாள் காலை கதவு பச்சை காட்டியது. சபரி ஸ்கேனரில் ஆறு பக்கம் வைத்து எடுத்தான். தீவனச் சோளத்தை உழுத பாத்தியின் மூன்று பருவக் கணக்குகள் இருந்த பதினெட்டாம் பக்கம், அதைச் சுற்றிய பக்கங்கள், கடைசியாக அவன் பெயரும் வருஷமும் இருந்த பின்னட்டை. பெயர் இல்லாமல் அனுப்பினால் இன்னொரு புத்தகம், அவ்வளவுதான். பெயரோடு அனுப்பினால்தான் கண்ணால் பார்த்தவனின் சாட்சி. டேலுக்குச் சுருக்கமாக எழுதினான். நிலம் பொய். கம்பெனியில் சேரக் கொடுத்த சான்றிதழும் பொய். இந்த வருஷங்களில் நான் இருந்தது இந்தப் பண்ணையில். பண்ணையின் முகவரி அட்டையில் இருக்கிறது, விசாரித்துக்கொள்ளுங்கள். ரை பற்றிச் சொன்னது மட்டும் உண்மை. மகாதேவனுக்கு ஒரு பிரதி போட்டு அனுப்பினான்.

ஐந்து நிமிஷத்தில் மகாதேவன் மேஜைக்கு வந்தார். முகத்தில் ரத்தமே இல்லை. சத்தம் போடவும் இல்லை.

"அரே, அனுப்பறதுக்கு முன்னாடி என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே?"

"கேட்டிருந்தா மியூட் பண்ணியிருப்பீங்க, சார்."

 மகாதேவன் தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, தான் எப்படி ஏமாற்றப்பட்டேன் என்று மேலிடத்துக்கு எழுதத் தொடங்கினார். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. சபரி அன்று மாலைவரை உட்கார்ந்து மீதி வேலையை முடித்தான். அந்த வரிசையை அவன் தொடவில்லை.

வெள்ளிக்கிழமை காலை சிவப்பு விளக்கு எரிந்தது. ஏழெட்டு மாதமாக எதற்காக மூச்சைப் பிடித்தானோ அது வந்தபோது, பிடிக்க மூச்சு மிச்சமில்லை. பயமாகத்தான் இருந்தது.  ஆனால் நாளைக் காலை இந்தக் கதவு முன்னால் நிற்க வேண்டாம் என்பதும் சேர்ந்தே தோன்றியது.

காவலாளிக்குப் பதில் வைஷாலி அட்டைப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தாள். உள்ளே அவன் டிபன் பாக்ஸும், குழந்தையின் போட்டோவும், ஒரு குடையும் இருந்தன. பெட்டியின் மேல் ஒரு காகிதத்தை வைத்திருந்தாள். புரோகிராமின் அட்டவணை. ரை என்ற வரிசையை விரலால் காட்டினாள்.

"டேல் மெயில் வந்தாச்சு. அவர் அந்த பண்ணைக்கு போன் பண்ணி கேட்டாராம். ஸீரோதான். யாரும் சேஞ்ச் பண்ணக்கூடாதுன்னு சொல்லிட்டார்."

உன்னைப் பற்றி அவர் எதுவும் எழுதவில்லை என்பதையும் அவள் தயங்கித் தயங்கிச் சொன்னாள். சபரி தலையாட்டினான். அவள் போகாமல் நின்றாள்.

"சபரி, அந்த ஃபார்ம்... ஒவ்வொரு டியூஸ்டேயும் சொல்லுவியே. அது எங்கேயுமே இல்லையா?"

"ஒரு நோட்டுல இருக்குங்க" என்றான் சபரி.

காவலாளி கையை நீட்டினார். கழுத்திலிருந்து கார்டைக் கழற்றி அவரிடம் கொடுத்துவிட்டு, பெட்டியை இடுப்பில் அணைத்துக்கொண்டு பஸ் ஸ்டாப்பை நோக்கி நடந்தான்.